சாம்பற் செடியின் குடிபெயர்ச்சி

இலையென்றாற் பச்சை என்பது நம் மனத்திற் படிந்துவிட்ட எண்ணம். ஆயினும் வெயில் மிகுந்து மழை குறைந்த நிலங்களிற் சுற்றி வருவோர், சாம்பல் பூசினாற் போலவும் வெள்ளிப் பொடி தூவினாற் போலவும் இலைகளையுடைய செடிகள் பலவற்றைக் காண்பர். நம் ஊர்ப் புறம்போக்குகளில் வளரும் எருக்கின் இலையில் மாப்படிந்தாற் போன்ற வெண்மை உண்டு. மலைநகர்ப் பூங்காக்களிலும் பாத்திகளின் ஓரத்தை எடுத்துக் காட்டுதற்கென வெள்ளிலைச் செடிகளை வரிசையாக நட்டு வைப்பர். இவ்வெண்மை பெரும்பாலும் இலையின் உள்ளே ஊறிய நிறம் அன்று. மேலே முளைத்துள்ள நுண்மயிர்களால் உண்டாவது. இலையை விரலிடையே வைத்துத் தேய்த்தால் அம்மயிர் நீங்கி, அடியிலுள்ள பச்சை வெளிப்படும். மழையில் நனைந்த பொழுதும் இலை பச்சையாகத் தோன்றி, காய்ந்தபின் மீண்டும் வெளுக்கும். அந்த மயிர்ப் போர்வை வெயிலின் ஒரு பகுதியைத் திருப்பி விடுகின்றது; இலையையொட்டி அசையாத காற்றுப் படலம் ஒன்றைப் பிடித்து வைத்து, உள்ளிருக்கும் ஈரம் விரைந்து வெளியேறாதவாறு காக்கின்றது. ஆகவே வெள்ளிலையைக் கண்டவுடன், நீர் அரிதாகிய நாட்டில் வாழக் கற்றுக்கொண்ட செடி இது என்று பெரும்பாலும் ஊகிக்கலாம். அத்தகைய செடியொன்றை வேரோடு பெயர்த்து, ஏறக்குறைய 60 கிலோமீட்டருக்கு அப்பால், முற்றிலும் வேறான மண்ணில் நட்டுப் பிழைப்பித்த வரலாற்றையே ஈண்டு எழுதப் புகுந்தேன்.

அச்செடியை நூலோர் லூக்கோபில்லம் ப்ரூட்டெஸென்ஸ் என்பர். முதற்சொல் வெள்ளிலை என்று பொருள்படும் கிரேக்கத் தொடர். அமெரிக்காவில் டெக்ஸாஸ் மாநிலத்தின் தென்மேற்குப் பகுதியும், ரியோ கிராண்டே ஆற்றுக்கு இப்பாலுள்ள மெக்ஸிகோவின் வடபகுதியும் அதன் தாயகம். அங்கே சுண்ணாம்புப் பாறைச் சரிவுகளில், யாரும் நீர்விடாமலே வளர்கின்றது. 1826 ஆம் ஆண்டில் மெக்ஸிகோவுக்கு வந்த பெர்லாண்டியர் என்னும் தாவர ஆராய்ச்சியாளர், எல்லைகாணும் குழுவொன்றோடு அந்நிலங்களிற் சுற்றி, 1832 ஆம் ஆண்டில் இதற்கு டெரானியா என்று பெயரிட்டார். அக்குழுவின் தலைவரான டெரான் என்னும் படைத்தலைவரை நினைந்து இட்ட பெயர் அது. பின்னர் 1924 ஆம் ஆண்டில் ஜான்ஸ்டன் என்பார் இப்பொழுதுள்ள பெயருக்கு மாற்றினார். பாவம், பெர்லாண்டியர் 1851 ஆம் ஆண்டில் சான் பெர்னாண்டோ என்னும் ஆற்றைக் கடக்கையில் மூழ்கி இறந்தார். 2005 ஆம் ஆண்டில் டெக்ஸாஸ் மாநிலத்தார் இச்செடியைத் தங்கள் நாட்டு இயற்செடியென்று சட்டமன்றத்தில் அறிவித்துச் சிறப்புச் செய்தனர். ஸ்பானிய மொழி பேசுவோர் இதனை ஸெனிஸோ என்பர்; சாம்பல் நிறத்தது என்பது பொருள். அம்மொழியில் ஒரு சொல்லும் அறியாத என் அத்தையும் இதனைச் சாம்பற் செடி என்றே பல்லாண்டாக அழைத்து வந்தமை எனக்கு வியப்பாயிருந்தது.

இதற்கு மற்றொரு விசேஷம் உண்டு. மாதக்கணக்கில் ஒரு பூவும் இன்றி நிற்கும். மழை பெய்து, காற்றில் ஈரம் மிகுந்த சில நாட்களுக்குள், ஊதாவும் இளஞ்சிவப்பும் கலந்த மணிப்பூக்கள் செடி முழுவதும் ஒருங்கே மலர்ந்து விடும். அதுபற்றி அந்நாட்டார் இதனைப் பாரமானிச் செடி என்றும் சொல்வதுண்டு. இன்று தமிழ்நாட்டு நாற்றுப் பண்ணைகளில் இது எளிதிற் கிடைக்கின்றது. சாலை நடுவே உள்ள திட்டுக்களிலும் அலுவலக முற்றங்களிலும் நட்டிருப்பதை மாணவ நண்பர்கள் பலரும் பார்த்திருப்பர்; பெயர் அறியாது கடந்திருப்பர்.

எளிதிற் கிடைக்கும் செடியைப் பெயர்த்து நடுவதற்கு இத்தனை பிரயாசை எதற்கு என்று கேட்கலாம். அக்கேள்வியை உறவினர் அனைவரும் கேட்டனர். பாளையங்கோட்டையில் என் அத்தை குடியிருந்த வாடகை வீட்டின் முன்புறத்தே, 2006 ஆம் ஆண்டில் மாமா தம் கையால் நட்ட செடி அது. அவர் மறைந்து ஒன்பது ஆண்டுகள் ஆகின்றன. அவர் வைத்த ரோஜாக்களும் குரோட்டன்களும் ஒவ்வொன்றாகப் போய்விட்டன. இது மட்டும் மெல்ல மெல்ல வளர்ந்து, 5 அடி உயரமும், அடியில் 2 அங்குலப் பருமனும் உடையதாய் நின்றது. 2023 ஆம் ஆண்டு ஆனி மாதத்தில் வீட்டுக்காரர் வீட்டை விற்றுவிட்டார்; வாங்கியவர் இடித்துக் கட்டப் போவதாகச் சொல்லி, தை முடிய இருந்து கொள்ளலாம் என்று தவணை கொடுத்தார். அத்தையோ பள்ளியாசிரியையாயிருந்து ஓய்வு பெற்றவர். கோவில்பட்டியில் ஆசிரியப் பணி செய்யும் அவர் மகளாகிய மதினியின் வீட்டிற்கே இனிக் குடிபோவதென்று முடிவாயிற்று. பீரோவும் கட்டிலும் எப்படிப் போகும் என்று எல்லோரும் பேசிக்கொண்டிருக்கையில், "இந்தச் செடி எப்படி வரும்?" என்று அத்தை கேட்டார்.

தாவர நூலைப் பாடமாகப் படிப்பவன் என்ற முறையில் என்னிடம் திரும்பினர். போத்து வெட்டி மணலில் ஊன்றினால் வேர்விடும், ஆறு மாதத்தில் அதே செடி புதிதாகக் கிடைக்கும் என்று சொன்னேன். அது உண்மையே. "அது இதன் பிள்ளை, மருமகனே. எனக்கு வேண்டியது இது," என்றார் அத்தை. அதற்கு மேல் அவ்விஷயத்தில் விவாதம் இல்லை. ஆயினும் எச்சரிக்கைக்காகப் பன்னிரண்டு போத்துக்கள் வெட்டி ஊன்ற அனுமதித்தார். அவற்றுள் ஐந்து வேர்பிடித்தன.

அத்தெருவில் பல வீடுகளுக்குத் தோட்ட வேலை செய்யும் பெரியவர் ஒருவர் உளர். தென்னை, மா, வேம்பு என்று பல மரங்களைப் பெயர்த்து நட்டவர். அவரை அழைத்து வந்து காட்டினேன். செடியைச் சுற்றி ஒருமுறை நடந்தார். அடித்தண்டைப் பிடித்து மெல்ல அசைத்துப் பார்த்தார். "இன்றைக்குத் தோண்டினால் நாளை மறுநாள் அடுப்புக்குத்தான் ஆகும், தம்பி. தை வரை தவணை இருக்கிறதல்லவா? அது போதும்," என்றார்.

அவர் சொன்னதன் உட்பொருளைச் சிறிது விளக்க வேண்டும். செடி நீருண்பது கயிறு போல் தடித்த வேர்களால் அன்று. அவற்றின் நுனியிற் பிரிந்து செல்லும் சல்லிவேர்களாலும், அவற்றின்மேல் முளைத்துச் சில நாட்களே உயிர்வாழும் நுண்ணிய வேர்மயிர்களாலும் ஆம். பல்லாண்டு ஒரே இடத்தில் நின்ற செடிக்கு அச்சல்லிவேர்களிற் பெரும்பகுதி தண்டிலிருந்து வெகுதூரம் தள்ளி, கிளைகளின் நிழலெல்லைக்கும் அப்பால் இருக்கும். ஆகவே திடீரென்று தோண்டித் தாய்மண்ணோடு தூக்கினால், நம் கையில் வருவது தடித்த வேர்களின் கட்டை மட்டுமே. நீருண்ணும் வாயெல்லாம் பழைய மண்ணிலேயே தங்கிவிடும். மேலே இலைகள் முன்போலவே நீரை ஆவியாக்கிக் கொண்டிருக்க, கீழே உண்ண வழியின்றிச் செடி வாடும். இதற்குப் பரிகாரம், தூக்குவதற்குப் பல மாதங்களுக்கு முன்பே தண்டின் அருகில் வட்டமிட்டு வேர்களை அறுத்து வைப்பது. அறுபட்ட நுனிகளின் அருகே புதிய சல்லிவேர்கள் கொத்துக் கொத்தாகக் கிளைக்கும். அவ்வாறு நாம் எடுத்துச் செல்லப் போகும் மண்கட்டிக்குள்ளேயே உண்ணும் வாய்களை வரவழைத்துக் கொள்ளலாம்.

அடித்தண்டின் ஓர் அங்குலப் பருமனுக்கு 10 முதல் 12 அங்குலம் வரை மண்கட்டியின் குறுக்களவு இருத்தல் வேண்டும் என்பது நூல்களிற் காணும் கணக்கு. நான் அதைச் சொல்லுமுன்பே பெரியவர், தண்டிற் கயிற்றைக் கட்டி, மறுமுனையிற் குச்சியை வைத்து வட்டம் இழுத்துவிட்டார். அளந்து பார்த்தேன், குறுக்கே 22 அங்குலம் இருந்தது. அந்த வட்டத்தை ஆறு பங்காக்கி, ஆவணியில் ஒன்றுவிட்டு ஒன்றாக மூன்று பங்குகளில் மட்டும், மண்வெட்டியின் அகலத்தில், ஒன்றரை அடி ஆழம் தோண்டி, எதிர்ப்பட்ட வேர்களைக் கூரிய கத்தரியால் அறுத்தார். கடப்பாரையால் வேரை நசுக்கிப் பிய்ப்பது கூடாது. பிய்ந்த வேர் அழுகும், அறுத்த வேர் ஆறும். தோண்டிய பள்ளங்களை மணலும் இலைமக்கும் கலந்து மூடினார். ஐப்பசித் தொடக்கத்தில் எஞ்சிய மூன்று பங்குகளையும் அவ்வாறே செய்தார். எல்லா வேரையும் ஒரே நாளில் அறுத்திருந்தால் செடி பட்டினி கிடக்க நேர்ந்திருக்கும். இவ்விரண்டு மாதத்தில் இலைகள் சற்றே தளர்ந்தன, உதிரவில்லை.

நிற்க. 2023 ஆம் ஆண்டு டிசம்பர் 17, 18 ஆகிய நாட்களில் திருநெல்வேலி, தூத்துக்குடி மாவட்டங்களிற் பெய்த பெருமழையை இப்பகுதியார் மறந்திருக்க மாட்டார்கள். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் அளவு மழை பதிவாயிற்று. திருச்செந்தூரிலிருந்து புறப்பட்ட விரைவு வண்டி ஸ்ரீவைகுண்டத்தில் நூற்றுக்கணக்கான பயணிகளோடு நின்று போயிற்று. தாமிரபரணி கரைபுரண்டது. வீடும் வயலும் இழந்தோர் எத்தனையோ பேர் இருக்க, முற்றத்துச் செடி ஒன்றைப் பற்றிப் பேசுவது சிறுமையென்று தோன்றலாம். ஆனால் அவ்விரண்டு நாட்களும் யான் அத்தை வீட்டில் அகப்பட்டிருந்தேன். கண்முன் இருந்தது அச்செடியே.

மணல் நிரப்பிய அந்த வட்டப் பள்ளம் மழைநீரை வாங்கிக்கொண்டு கோட்டை அகழி போல் ஆயிற்று. நடுவிலே செடி தீவு போல் நின்றது. வேருக்கு நீர் வேண்டுவது போலவே காற்றும் வேண்டும். மண்ணின் இடைவெளிகளையெல்லாம் நீர் அடைத்துக் கொண்டால் வேர் மூச்சடைத்து, பின் அழுகத் தொடங்கும். பாறைச் சரிவில் வளர்ந்த இனத்திற்கு இதனைக் காட்டிலும் பகையானது வேறில்லை. அதிலும் புதிதாக முளைத்த சல்லிவேர்கள் மிக மெல்லியவை. இவற்றையெல்லாம் யான் அத்தைக்கு எடுத்துரைத்துக் கொண்டிருக்கையில், பெரியவர் முழங்கால் நீரில் நடந்து வந்து சேர்ந்தார். அவர் வீட்டிலும் நீர் புகுந்திருந்தது. பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்தில் விட்டுவிட்டு வந்ததாகச் சொன்னார். தெருவும் நிறைந்திருந்தமையால் வாய்க்கால் வெட்டி நீரை வெளியே விட வழியில்லை. ஆகவே வட்டப் பள்ளத்தின் தாழ்ந்த பக்கத்தில் அதனினும் ஆழமாகக் குழியொன்று தோண்டி, பள்ளத்து நீர் அக்குழியில் வந்து வடியுமாறு செய்தார். குழியிலிருந்து வாளியால் இறைத்து, திண்ணைக்கு அப்பால் இருந்த பக்கத்தில் ஊற்றினோம். மழை விட்டபின்னும் ஊற்று நிற்கவில்லை; மறுநாள் மாலைவரை முறை வைத்து இறைத்தோம். அத்தை இரண்டு வேளை கஞ்சி காய்ச்சிக் கொடுத்தார். பெரியவர் தம் பங்கை ஒரு பாத்திரத்தில் வாங்கிக்கொண்டு போய்ப் பிள்ளைகளுக்குக் கொடுத்துவிட்டு மீண்டும் வந்தார். அவருக்கு அவ்வளவு அக்கறை ஏன் என்று எனக்கு அப்பொழுது விளங்கவில்லை; மாமாவோடு சேர்ந்து அக்குழியை 2006 இல் தோண்டியவர் அவரே என்று பின்னர் அத்தை சொல்லி அறிந்தேன்.

வெள்ளம் வடிந்தபின் வேரைத் தோண்டிப் பாராமல் விட்டுவிட்டோம். பார்ப்பதே வேருக்குக் கேடு.

இனி, குடிபோக வேண்டிய இடத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். பாளையங்கோட்டையில் அவ்வீட்டு முற்றம் சரளை கலந்த செம்மண். கோவில்பட்டியோ கரிசல் பூமி. கரிசல் மண் வளமானது, பருத்திக்கும் கம்புக்கும் உளுந்துக்கும் உரியது. அதனைக் குறை கூறுவார் இல்லை. ஆனால் மழை பெய்தால் உப்பி ஒட்டிக்கொண்டு நீரை விடாது. கோடையிற் சுருங்கி, கைநுழையும் அளவு வெடிப்பு விடும். முதலது வேரை அழுக்கும், இரண்டாவது அறுக்கும். அம்மண்ணிற் குழிதோண்டி, அதிற் செம்மண்ணை நிரப்பிச் செடியை வைத்தால் போதும் என்று பலர் நினைப்பதுண்டு. அவ்வாறு செய்தால், நீர் இறங்காத கரிசலின் நடுவே நாமே ஒரு தொட்டி கட்டினவர் ஆவோம். சுற்றிலும் பெய்த மழையெல்லாம் அத்தொட்டியில் வந்து தேங்கும். ஆதலின் குழியே தோண்டாமல், தரையின் மேற்பரப்பைச் சற்றே கிளறிவிட்டு, அதன்மேல் 6 அடி அகலமும் ஒன்றரை அடி உயரமும் உள்ள மேடு ஒன்று அமைத்தோம். சரளைச் செம்மண் இரண்டு பங்கு, உடைத்த செங்கல்லும் சுக்கான் கல்லும் ஒரு பங்கு. சுக்கான் கல் கரிசற்காட்டில் வேண்டிய அளவு கிடைக்கும். சுண்ணாம்புப் பாறையிற் பிறந்த செடிக்கு அது பழகிய உணவு. மதினி அன்போடு வாங்கி வைத்திருந்த மண்புழு உர மூட்டையை முருங்கைக்கு அனுப்பி வைத்தோம். உரமிட்ட குழியில் வேர் அங்கேயே சுற்றிக்கொண்டு வெளியே செல்ல மறுக்கும் என்பது ஒன்று. இச்செடி வறிய மண்ணிலேயே கட்டுறுதியாக வளர்வது என்பது மற்றொன்று.

2024 ஆம் ஆண்டு பெப்ரவரி முதல் வாரம், தை மாதக் கடைசி. பனி நீங்காத காலைகள். வெயில் இன்னும் கடுமையடையவில்லை. முந்தின நாள் மாலை செடிக்கு நீர் விட்டு மண்ணை இறுக்கினோம். உலர்ந்த மண்கட்டி வழியிற் பொடிந்து போகும். மறுநாள் நான்கு மணிக்கே பெரியவர் மூன்று ஆட்களோடு வந்தார். பழைய வட்டத்திற்கு இரண்டு அங்குலம் வெளியே தள்ளித் தோண்டினார்கள். புதிய சல்லிவேர்கள் அந்த இரண்டு அங்குலத்தில்தானே இருக்கின்றன! மண்வெட்டி நுழைந்தவுடன் அவை தெரிந்தன: மணலுக்குள்ளே வெண்ணூல் போல் அடர்ந்து, ஒரு பக்கம் சற்றே கருத்திருந்தாலும் மற்றெங்கும் உயிரோடு இருந்தன. பெரியவர் ஒன்றும் பேசாமல் என் பக்கம் திரும்பிப் பார்த்தார். அடியிலே ஆணிவேர் போல் கீழிறங்கிய இரண்டு தடித்த வேர்களை அறுத்து, நனைத்த கோணிச் சாக்கை மண்கட்டியின் அடியிற் செருகிச் சுற்றிச் சணற்கயிற்றால் வலைபோல் இறுகக் கட்டினார். மண்கட்டி மூன்றரை கன அடிக்குக் குறையாது. ஈரமண் கன அடிக்கு 45 கிலோ என்று வைத்தால் 150 கிலோவுக்கு மேலாயிற்று. தண்டைப் பிடித்துத் தூக்கலாகாது, அடியிற் பலகை நுழைத்து அதையே தூக்க வேண்டும் என்று அவர் மீண்டும் மீண்டும் எச்சரித்தார். தூக்குமுன் வடக்கு நோக்கிய கிளை ஒன்றில் சிவப்பு நூல் கட்டினார். புதிய இடத்திலும் அக்கிளை வடக்கையே நோக்க வேண்டும் என்பது அவர் வழக்கம்.

கிளைகளைக் கழிப்பதில் எங்களுக்குள் கருத்து வேறுபட்டது. வேர் குறைந்தமையால் கிளைகளிலும் பாதியைக் கழிக்க வேண்டும் என்பது பழைய தோட்டக்காரர் கொள்கை. பெரியவரும் அரிவாளைத் தீட்டி வைத்திருந்தார். ஆனால் கிளை நுனிகளிலுள்ள மொட்டுக்களும் இளந்தளிர்களும் ஆக்ஸின் என்னும் பொருளை உண்டாக்கிக் கீழே அனுப்ப, அது வேர் கிளைப்பதைத் தூண்டுகின்றது என்று இக்காலத்து ஆராய்ச்சியால் அறிகின்றோம். நுனிகளை வெட்டிவிட்டால் அத்தூண்டுதல் குறையும். நெடுநேரம் கேட்டுக்கொண்டிருந்து, "அப்படியானால் காய்ந்ததை மட்டும் எடுக்கிறேன்," என்று பெரியவர் இசைந்தார். அரிவாளைச் சாக்கில் வைக்கும்போது அவர் முகத்தில் முழு நம்பிக்கை இருந்ததாகச் சொல்ல முடியாது.

மக்கள் குட்டியானை என்று செல்லமாக அழைக்கும் சிறு சரக்கு வண்டியில் ஏற்றி, அத்தையின் பழைய நூற்சேலை இரண்டினாற் கிளைகளைப் போர்த்துக் கட்டினோம். ஓடும் வண்டியின் காற்று வெயிலினும் கொடிது. இலைகளை அரைமணியில் உலர்த்திவிடும். நான்குவழிச் சாலையில் மணிக்கு 40 கிலோமீட்டருக்கு மேற் போகலாகாது என்று ஓட்டுநரிடம் சொல்லி வைத்தோம்; அவர் கயத்தாறு வரை சிரித்துக்கொண்டே வந்தார். பெரியவர் பின்னால் செடியின் அருகில் உட்கார்ந்து வந்தார். ஏழரை மணிக்கெல்லாம் மேட்டின்மேல் செடி நின்றது. முன்பு மண்மட்டம் இருந்த இடம் இப்பொழுது இரண்டு அங்குலம் உயர்ந்து தோன்றுமாறு வைத்து, சாக்கை அறுத்து உருவி, மண்ணைத் தள்ளி, மிதிக்காமல், மூன்று குடம் நீரை மெல்ல விட்டு அந்நீராலேயே மண்ணை அமரச் செய்தோம். மேலே சரளைக் கல்லைப் பரப்பினோம். மேற்குப் பக்கத்தில் ஒரு மாதத்திற்கு ஓலைத்தட்டி மறைப்பு.

எல்லாவற்றினும் கடினமான வேலை அதன்பின்பே தொடங்கிற்று. அது அத்தையை நீர் ஊற்றாமல் இருக்கச் செய்வது. நட்ட செடிக்கு நாள்தோறும் நீர்விடுவது நம் ஊரிற் குழந்தையும் அறிந்த வழக்கம். இச்செடிக்கோ அதுவே யமன். இதிலுள்ள வஞ்சனை யாதெனில், நீர் போதாமல் வாடும் இலையும் நீர் மிகுந்து வேரழுகி வாடும் இலையும் பார்வைக்கு ஒன்றுபோலவே இருக்கும். வாட்டத்தைக் கண்டு இரங்கி ஊற்ற, ஊற்றியதால் மேலும் வாட, மீண்டும் ஊற்றுவர். ஆகவே உரித்த மூங்கிற் குச்சி ஒன்றைக் கொடுத்து, அதை ஒரு சாண் ஆழம் செருகி எடுத்துப் பார்த்து, ஈரமண் ஒட்டியிருந்தால் நீர் விடுவதில்லை என்று ஒப்பந்தம் செய்துகொண்டோம். அத்தை பழைய மாணவர் வருகைப் பதிவேடு ஒன்றை எடுத்துத் தேதிவாரியாக எழுதத் தொடங்கினார். முதல் மாதத்தில் ஐந்து நாட்களுக்கு ஒருமுறையும், பின்னர்ப் பத்து நாட்களுக்கு ஒருமுறையும் மட்டுமே அதில் 'நீர்' என்று எழுதப்பெற்றிருக்கின்றது. மற்ற நாட்களில் எல்லாம் 'இல்லை'.

பதினெட்டாம் நாள் இலைகள் மஞ்சளித்து உதிரத் தொடங்கின. மாசி முடிவதற்குள் பாதிக்கு மேல் உதிர்ந்தது. அத்தை தொலைபேசியில் என்னைக் கடிந்துகொள்ளவில்லை. உதிர்ந்த இலைகளைத் தாம் பெருக்கி வெளியே கொட்டவில்லை என்று மட்டும் சொன்னார். அச்சொல் எனக்குக் கடிந்துகொண்டதைக் காட்டிலும் வருத்தமாயிருந்தது. விடுமுறை நாளில் கோவில்பட்டி சென்றேன். செடி எலும்புக்கூடு போல் நின்றது. மதினியின் பிள்ளைகள் அதன் பக்கமாக விளையாடுவதையே விட்டிருந்தனர். பெரியவரைத் தொலைபேசியில் அழைத்தேன். அத்தையிடம் கொடுக்கச் சொன்னார். "நகத்தாலே பட்டையைக் கீறிப் பாருங்கள், டீச்சரம்மா. உள்ளே பச்சை இருந்தால் பேசாமல் இருங்கள். இலை அது வேண்டாமென்று தானே போட்டது," என்றார். அத்தை ஒரு சிறு கிளையைக் கீறினார், பழுப்பாயிருந்தது. அதற்குக் கீழே மற்றொன்று, அதுவும் அவ்வாறே. தண்டுக்கு அருகே மூன்றாவது இடத்திற் கீறியபொழுது, பட்டையின் அடியில் ஈரமான பச்சைக் கோடு தெரிந்தது. குச்சியைச் செருகிப் பார்த்தோம், ஈரம் இருந்தது. பதிவேட்டில் 'இல்லை' என்று எழுதினார்.

பங்குனிக் கடைசியில், உதிர்ந்த இலைகளின் காம்படியில், பஞ்சுத் துளி ஒட்டினாற்போல் வெண்புள்ளிகள் தோன்றின. உற்று நோக்கினால் ஒவ்வொன்றும் மயிர் போர்த்த ஒரு கொழுந்து. பச்சையாகத் துளிர்த்துப் பின் வெளுப்பதன்று இச்செடி. வெள்ளிப் போர்வையோடேயே பிறக்கின்றது. நுனிக்கிளைகள் சில காய்ந்தொழிந்தன. மற்றவை தழைத்தன. வடக்குக் கிளையிற் கட்டிய சிவப்பு நூல் வெயிலில் வெளுத்து, அங்கேயே இருந்தது. அதை அவிழ்க்க யாரும் முன்வரவில்லை.

வைகாசியில் இரண்டு நாள் கோடை மழை பெய்தது. அதற்கு நான்காம் நாள் விடியற்காலையில் அத்தை என்னை விடுதித் தொலைபேசியில் அழைக்காமல், நேரே கைப்பேசியில் அழைத்தார்; தூங்கிக்கொண்டிருந்தவன் அஞ்சி எழுந்தேன். "முப்பத்தேழு," என்றார். என்னவென்று கேட்டேன். "எண்ணிவிட்டேன். முப்பத்தேழு பூ," என்றார். பாளையங்கோட்டையில் நூற்றுக்கணக்கிற் பூத்த செடிதான். அப்பொழுது யாரும் எண்ணியதில்லை.

போத்திலிருந்து வந்த ஐந்தில் ஒன்று பெரியவர் வீட்டு வாசலில் இருக்கின்றது. இரண்டு நம் கல்லூரி விடுதியின் தெற்குச் சுவர் ஓரம், சரளை மேட்டில் நிற்கின்றன. அவற்றிற்கு நாள்தோறும் நீர் ஊற்ற முனையும் நண்பர்களோடு யான் இன்னும் வழக்காடி வருகின்றேன். ஆடியில் பெரியவர் கோவில்பட்டிக்கு வந்தார். செடியைச் சுற்றி ஒருமுறை நடந்து, முன்போலவே தண்டைப் பிடித்து அசைத்துப் பார்த்தார், அசையவில்லை. அத்தை கொடுத்த காப்பியைக் குடித்துவிட்டு, தை மாதத்தில் விட்டுப்போன தம் கடப்பாரை எங்கே என்று கேட்டு வாங்கிக்கொண்டு போனார்.